நாலாம் மாடியில் பெய்த மீன்

யாங்கோன் நகரத்தின் தின்கன்ஜூன் பகுதியில் அந்தத் தெருவின் தமிழர்கள் அவளை உமையாளக்கா என்று கூப்பிடுவார்கள். பர்மியர்களுக்கு அவள் டோ பாலோலே. வயதில் மூத்த பெண்ணின் பெயருக்கு முன்னால் டோ போடுவது அந்த ஊர் மரியாதை. பாலோலே என்றால் ‘ஏன்?’ என்று அர்த்தம். ஒரே முனையில் இத்தனை வருஷமாக மொஹிங்கா விற்கிறவளுக்கு இந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை.

வாழைத்தண்டு போட்டுக் காய்ச்சிய மீன் குழம்பை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றிக் கொடுத்தால் அதுதான் மொஹிங்கா. யாங்கோனில் பாதிப்பேர் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். உமையாள் கிண்ணத்தைக் கையில் கொடுத்த கையோடு ஏதாவது கேட்டுவிடுவாள். டயர் ஒட்டுகிறவரிடம், மழை நாளில் பஞ்சர் கூடுவது ஏன் என்று கேட்பாள். டாக்ஸிக்காரரிடம், பக்கத்துத் தாம்வேயில் கொட்டுகிற மழை பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏன் ஒரு சொட்டுகூட இல்லை என்பாள். பதில் தெரியாதவர்கள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். தெரிந்தவர்களுக்கு வாழைப்பூ வடையோ சுரைக்காய் பஜ்ஜியோ ஒன்று கூடுதலாகத் தட்டில் விழும்.

அவளுடைய தகப்பனார் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. பிறகு பஸ் ஓட்டுகிற கோ மின் தெய்னைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டில் பேச்சு பர்மிய மொழியில். சாமி மாடத்தில் புத்தரும் இருந்தார், மாரியம்மனும் இருந்தாள். ஒரே மகன் ஊரின் இன்னொரு கோடியில், ஷ்வேப்யிதாவில், ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். உமையாளும் புருஷனும் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தார்கள். கடை அதே கட்டடத்தின் அடியில்.

அவளுடைய கேள்விகளில் பாதிக்குமேல் மழையைப் பற்றியவை. வருஷத்தில் ஆறு மாசம் மழையில் நனைகிற ஊரில் அது பெரிய ஆச்சரியமில்லைதான். ஆனால் மற்றவர்கள் குடையை விரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உமையாள் ஒரு தட்டில் அரிசி மாவைப் பரப்பி, மழை ஆரம்பிக்கிற நேரம் பார்த்து ஒரு நொடி வெளியே நீட்டி இழுத்துக்கொள்வாள். ஒவ்வொரு துளியும் மாவில் விழுந்த இடத்தில் ஒரு குட்டி உருண்டை திரண்டிருக்கும். காயவைத்துச் சலித்தால் உருண்டைகள் தனியாக வரும். மே மாசத்து முதல் மழையில் அவை பச்சைப்பயறு அளவு. ஆடியில் நாள் முழுக்கத் தூறுகிற மழையில் கடுகுக்கும் சின்னது. ஒரே மோ இப்படி இரண்டு அளவாகப் பெய்வானேன் என்று அவள் உருண்டைகளைச் சாசரில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டினாள். அந்த மாவைக் குழம்பில் கரைத்திருந்தால் இன்னும் ஒரு கிண்ணம் தேறியிருக்கும் என்று கோ மின் தெய்ன் சொன்னார்.

மோ என்பது பர்மிய மொழியில் மழைக்கும் பெயர், வானத்துக்கும் பெயர். அந்த ஒரு சொல்தான் பின்னால் நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம்.

அந்த வருஷத்து ஏப்ரல் வெயில் மாதிரி யாரும் கண்டதில்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. மின்சாரம் வந்தால் மோட்டார் போட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுவார்கள். மின்சாரம் வருவதோ எப்போதோ ஒருதரம். தண்ணீர்த் திருவிழா முடிந்தும் பதாவ் மரங்கள் பூக்கவில்லை. ஒரு மழையாவது விழாமல் அந்த மஞ்சள் பூ பூக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

வார்டில் மழை கூப்பிடக் கயிறு இழுத்தார்கள். தெருவின் வடக்குமுனை ஒரு பக்கம், தெற்குமுனை ஒரு பக்கம். இழுக்கிற இழுப்பில் மோ இறங்கி வரும் என்பது பர்மியர்களின் வழக்கம். உமையாளும் தெற்குமுனையோடு சேர்ந்து உள்ளங்கை கன்றிப்போகிற வரைக்கும் இழுத்தாள். கயிற்றை இழுத்தால் மழை ஏன் வர வேண்டும் என்று வார்டு பெரியவரிடம் நடுவில் கேட்டும் பார்த்தாள். முதலில் இழு, வந்தபிறகு கேள் என்றார் அவர். மடாலயத்தில் மழை வேண்டி ஓதினார்கள். வற்றிப்போன குளத்தில் கிடந்த மீன் ஒன்று வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டு மழையை வரவழைத்த கதை அந்த ஓதலில் வரும். மாரியம்மன் கோயிலில் தர்மகர்த்தா சொக்கன் குடம் குடமாக அம்மனுக்குத் தண்ணீர் அபிஷேகம் செய்ய ஏற்பாடு செய்தார். மாரி என்றாலே மழைதானே, அவளைக் கேட்காமல் யாரைக் கேட்பது என்றார்.

மே மாசத்தில் ஒரு மத்தியானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் மண் வாசனை வந்தது. பிறகு காற்று வந்து ஒரு வீட்டுத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பெய்த மழையில் தெரு எங்கே, சாக்கடை எங்கே என்று தெரியவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலை வியாபாரம் முடிந்ததும் உமையாள் துவைத்த துணிகளோடு மொட்டை மாடிக்குப் போனாள். வானம் மூடிக்கிடந்தது. தரையில் பள்ளமான இடத்தில் கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. காலை வைத்தவள் ஏதோ விரலில் உரசியதும் எடுத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, சாம்பல் நிறத்தில், ஏழெட்டு மீன்கள். உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன.

துணி வாளியை வைத்துவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் மழைக்குத் தெருவில் மீன் வருவது புதிதில்லை. வாய்க்காலிலிருந்து பனையேறிக் கெண்டை செவுளை ஊன்றி ஊன்றி ரோட்டுக்கே நடந்து வரும். பிள்ளைகள் பொறுக்குவார்கள். ஆனால் இது பனையேறிக் கெண்டை இல்லை. அதுவாகவே இருந்தாலும் நாலு மாடி ஏறிவர முடியாது.

ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் மீன்களை அள்ளிக் கீழே கொண்டுவந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு டோ கின் ஏ, மடாலயத்துக்குத் தினமும் சோறு கொண்டுபோகிற அம்மாள், பேசினைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். மீன் கதையை ஓதினார்கள், மோ மீனையே அனுப்பிவிட்டது என்றாள். மோவிலிருந்து விழுந்தது என்று அவள் சொன்னது மழையோடு விழுந்தது என்றா, வானத்திலிருந்து விழுந்தது என்றா என்று உமையாளுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று டோ கின் ஏ அவளை விநோதமாகப் பார்த்தாள். தமிழிலும் நாம் வானம் பொய்த்துவிட்டது என்றுதானே சொல்கிறோம் என்று உமையாள் தனக்குள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மழையோடு வருவதும் வானத்திலிருந்து வருவதும் அவளுக்கு ஒன்றாகப் படவில்லை.

அடுத்த நாளிலிருந்து மொஹிங்கா சாப்பிட வருகிறவர்களோடு மீன் பார்க்க வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பேசின் பக்கத்தில் யாரோ பூ வைத்தார்கள். லாட்டரி எடுக்கிறவர்கள் மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது, எத்தனை தரம் வால் அடிக்கிறது என்று பார்த்து நம்பர் கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உம்மு சல்மா என்று ஒரு டீச்சர் இருந்தாள். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுப்பவள். குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவளுடைய முன்னோர் ராமநாதபுரம் பக்கம். தமிழ் பேசுவதற்கு ஆள் கிடைத்தது என்று உமையாளோடு ஒட்டிக்கொண்டாள். உமையாள் அவளை சயாமா என்பாள். டீச்சரம்மா என்று அதற்கு அர்த்தம்.

இப்படி வேறு ஊர்களிலும் நடந்ததாகப் படித்திருக்கிறேன் என்று சல்மா சொன்னாள். தண்ணீர் மேல் சுழல்காற்று எழுந்தால் தண்ணீரையும் அதிலிருப்பதையும் மேலே தூக்கிவிடுமாம். எங்கேயோ தூக்கி எங்கேயோ போடுமாம். கண்ணால் பார்த்து எழுதியவர்கள் குறைவு, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

கடைசியாகச் சொன்னது உமையாளின் காதில் ஏறவில்லை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஙமோயேக் ஓடை இருக்கிறது. அன்றைக்குத் தகரத்தையே பிடுங்கிய காற்று. இதைவிட என்ன வேண்டும்? மறுநாள் காலை குழம்புப் பானையில் அகப்பையைச் சுழற்று சுழற்று என்று சுழற்றி, வாழைத்தண்டுத் துண்டுகள் நடுவில் திரள்வதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

“பாத்தீங்களா, சுத்துற சுத்துல எல்லாம் நடுவுக்கு வருது. காத்தும் இப்பிடித்தான். ஓடையில இருந்த மீன அள்ளிக்கிட்டு வந்து எங்க மாடியில போட்டிருச்சு.”

இரண்டு நாள் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுக்கவில்லை. மூன்றாம் நாள் சல்மா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, யோசனையோடு பேசினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, காத்து அள்ளிச்சுன்னா மீன மட்டும் பொறுக்கியா எடுக்கும்? பாசி, நத்தை, சேறு எல்லாம் சேந்துதான வரணும். மாடியில அதெல்லாம் கெடந்துச்சா?”

கிடக்கவில்லை. உமையாள் யோசித்துப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. தரையின் சிமென்ட் கோடுகூடத் தெரிந்தது. அதுமட்டுமா, காற்று ஒரே ஒரு மாடியைப் பார்த்தா போடும்? பக்கத்து மாடிகளிலும் விழுந்திருக்க வேண்டுமே.

அன்று கடையைக் கட்டியதும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு மொட்டை மாடியாக ஏறினாள். முட்டி வலித்தது. புறா முட்டை பார்த்தாள், கை உடைந்த பொம்மை பார்த்தாள், புதிதாக வைத்த சோலார் தகடுகளைப் பார்த்தாள், யாரோ மறந்துபோன மிளகாய் அழுகிக் கிடந்ததைப் பார்த்தாள். மீன் இல்லை. செத்த மீனின் செதில்கூட இல்லை.

மறுநாள் காலை தானே வாயைத் திறந்து, சுழல்காற்று என்று நான் சொன்னது சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். டயர்க்காரர் நேற்றுத்தான் அதைத் தன் மாமனாருக்கு விளக்கமாகச் சொல்லி நம்பவைத்ததாக வருத்தப்பட்டார்.

கொக்கோ பருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கும் என்றார் கோ மின் தெய்ன். அதையும் உமையாள் சும்மா தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு மீனாகக் கிண்ணத்தில் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அலகு பட்ட காயம் ஒன்றிலும் இல்லை. பறவை ஒரு மீனைத் தவறவிடலாம். இத்தனையை, அதுவும் உயிரோடு, ஒரே குட்டையில் எப்படித் தவறவிடும்? அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சின்னதாக இருப்பதும், அதன் வால் பக்கத்தில் ஆரஞ்சுப் பொட்டு ஒன்று இருப்பதும் தெரிந்தது.

சல்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். சல்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் இருந்தவற்றை அவள் இதுவரைக்கும் ஏதோ ஓடைப் பொடிமீன் என்று நினைத்திருந்தாளாம். பொட்டு வைத்தது ஆண் என்றால் இது கப்பி மீனாக இருக்கலாம் என்றாள். தொட்டியில் வளர்க்கிற மீன். பக்கத்து வீட்டு டிரம்மில் நெளிந்துகொண்டிருந்த கொசுப் புழுக்களைக் கொஞ்சம் கொண்டுவந்து பேசினில் விட்டார்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு புழு மிச்சமில்லை.

“வளக்கிற மீனுன்னா வளக்கிறவங்க இருக்கணுமே, சயாமா. இந்தக் கட்டடத்துல யார் வீட்டுலயும் மீன் தொட்டி இல்ல.”



இதற்குள் வேறொரு இழுபறி ஆரம்பித்துவிட்டது. தர்மகர்த்தா சொக்கன் ஒரு செம்புக் குடத்தோடு கடைக்கு வந்தார். அம்மனுக்கு அபிஷேகம் செய்த பிறகு வந்த மீன், கோயிலில் இருப்பதுதான் முறை, வெள்ளிக்கிழமை மேளத்தோடு கொண்டுபோகலாம் என்றார். அதே நேரத்துக்கு டோ கின் ஏ வந்தாள். ஜீவன்களை நீரில் விடுதலை செய்வது பெரிய புண்ணியம், ஓடையில் கொண்டுபோய் விடலாம், பிக்குவிடமும் சொல்லிவைத்துவிட்டேன் என்றாள். சொக்கனுக்குப் பர்மிய மொழி நன்றாகத் தெரியும், டோ கின் ஏக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். ஆகவே ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போகவில்லை. கடையில் இருந்தவர்கள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இது எந்த மீன் என்று உறுதியாகத் தெரியாமல் ஓடையில் விடுவது அங்கே இருக்கிற மீன்களுக்குக் கெடுதலாகலாம் என்று சல்மா மெதுவாகச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

உமையாள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“தர்மகர்த்தா அண்ணே, எனக்கு ஒரே ஒரு மழை குடுங்க. இன்னொரு வாட்டி அதே மாதிரி பெய்யட்டும். நான் மேல உக்காந்து பாக்குறேன். மேலருந்து விழுந்தா நானே குடத்துல எடுத்துக்கிட்டு வர்றேன்.”

“விழலேன்னா?”

“எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிரும்ல. அம்மன் கோவிச்சுக்குவாளா?”

சொக்கன் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோவிச்சுக்க மாட்டாள் என்றார். அதையே உமையாள் பர்மிய மொழியில் டோ கின் ஏயிடம் கேட்டாள். ஒரு மழை வரைக்கும் பொறுத்தால் புண்ணியம் குறைந்துவிடாது என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

கேட்ட மழை உடனே வரவில்லை. மூடாக்குப் போட்டது, தூறியது, கலைந்தது. உமையாள் வியாபாரம் முடிந்ததும் தினமும் வானத்தைப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் பழையபடி தெற்கே கறுத்தது. அவள் ஒரு முக்காலியையும் பெரிய குடையையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சல்மா பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். மாடிப்படி முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அதன் வாசலில் இருவரும் ஒரே குடைக்குள் ஒண்டிக்கொண்டார்கள்.

மழை இறங்கியது. தரையெல்லாம் ஆயிரம் குமிழி எழும்பி உடைந்தது. உமையாள் அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் அறைந்த தண்ணீரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். சாம்பல் வெளியிலிருந்து வெள்ளைக் கம்பிகள் இறங்கின. வேறெதுவும் இறங்கவில்லை. கழுத்து வலித்தது. சேலை முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது. மழை வலுத்துக்கொண்டே போனது. தரையில் முன்பு தேங்கிய இடத்தில் மறுபடியும் தண்ணீர் சேர்ந்தது. அதில் ஒன்றும் நீந்தவில்லை.

சல்மாதான் முதலில் பார்த்தாள். உமையாளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

அறைச் சுவரை ஒட்டி ஒரு பழைய சிமென்ட் தொட்டி இருந்தது. மூன்றாம் மாடியில் குடியிருந்த பிரேம்நாத் குடும்பத்துடையது. அவர்கள் மலேசியா போய் வருஷக்கணக்காகிவிட்டது. வீடு பூட்டிக்கிடக்கிறது, மோட்டார் குழாயையும் அடைத்துவிட்டார்கள். அதனால் தொட்டி காய்ந்துபோயிருக்கும் என்பது எல்லாருடைய எண்ணமும். மேலே பலகை போட்டுத் தகரம் வைத்து மூடியிருந்தது. உமையாள் வெயில் காலத்தில் அந்தத் தகரத்தின் மேல்தான் மிளகாய் காயவைப்பாள்.

இப்போது அந்தத் தகரத்துக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தொட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி போல இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியில் ஒரு மீன் சறுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, தேங்கின தண்ணீருக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று.

உமையாள் குடையை விட்டுவிட்டாள். இருவரும் சேர்ந்து தகரத்தை நகர்த்திப் பலகையைத் தூக்கினார்கள். உள்ளே விளிம்பு வரைக்கும் தண்ணீர். பச்சையாகப் பாசி பிடித்த சுவர். வெளிச்சம் பட்டதும் நூறு நூறாகச் சாம்பல் முதுகுகள் ஒரே வீச்சில் ஆழத்துக்குப் போய் மறைந்தன.

மழை நின்றபிறகு மெல்ல மெல்ல எல்லாம் தெளிந்தது. தகரக் கூரையின் தாழ்வாரக் குழாயைப் பிரேம்நாத் எந்தக் காலத்திலோ அந்தத் தொட்டிக்குள் திருப்பிவிட்டிருந்தார். மோட்டார் தண்ணீர் நின்றபிறகும் மழைத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நிறைந்தால் வெளியே போகத் தொட்டியின் மேல்பக்கம் வலை கட்டிய ஒரு குழாய் உண்டு. இத்தனை மழைக்காலமும் அந்த வலை மீனை உள்ளே நிறுத்தித் தண்ணீரை மட்டும் விட்டது. இந்த வருஷம் காய்ந்த இலையும் புறாக்கூட்டுக் குச்சியும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டன. வழி இல்லாத தண்ணீர் விளிம்பைத் தாண்டியது. தண்ணீரோடு மீனும் தாண்டியது.

பிரேம்நாத்தின் நம்பர் உமையாளிடம் இருந்தது. வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து வரும். சல்மாவின் போனில் வீடியோ கால் போட்டுத் தொட்டியைக் காட்டினாள். அந்தப் பக்கம் பிரேம்நாத் ஏதோ ஒரு கிடங்கின் வாசலில் நின்றுகொண்டு, முதலில் என்ன பார்க்கிறோம் என்றே புரியாமல் விழித்தார். பிறகு முகம் மாறியது.

“அக்கா, அது நான் விட்ட மீனு. அனுவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தாள்ல, அப்ப வாங்கிப் போட்டேன், கொசுப் புழுவத் திங்கும்னு. ஒரு ஜோடிதான் போட்டேன். கெளம்புற அவசரத்துல மறந்தே போச்சு.”

உமையாளுக்கு அந்த நாட்கள் நினைவிருந்தன. பிரேம்நாத் தன் சின்ன மகள் அனுவை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது படி இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறாள். தலைக்குமேல் மீன் இருந்தது மட்டும் தெரியாது.

கப்பி மீன் முட்டையிடாமல் குட்டியாகவே போடும் என்று சல்மா விளக்கினாள். கூரைத் தண்ணீரோடு வருகிற தூசியும், தொட்டிச் சுவரின் பாசியும், இடுக்கு வழியாகப் புகுந்து முட்டையிடுகிற கொசுக்களின் புழுவும் சாப்பாட்டுக்குப் போதும். தொட்டி சுவரின் நிழலில் இருந்ததாலும் சிமென்ட் கனமாக இருந்ததாலும் ஏப்ரல் வெயிலில் எல்லாம் வெந்துபோகவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்தில் ஒண்டிக் கிடந்தவை மழைக்குக் காத்திருந்திருக்கின்றன. அது எத்தனையாவது தலைமுறை என்று சல்மாவால் சொல்ல முடியவில்லை. வாயால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

உமையாள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றாள். வானத்திலிருந்து விழுந்திருந்தால் அது ஒரு நாள் அதிசயம். இங்கே, தான் மிளகாய் காயவைத்த தகரத்துக்குக் கீழே, யாரும் சோறு போடாமல், யாரும் எட்டிப்பார்க்காமல், மழையை மட்டும் நம்பி ஒரு கூட்டம் பிறந்து வளர்ந்து குட்டி போட்டுச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. சேலை நனைந்ததாலும் இருக்கலாம்.

மறுநாள் காலை கடையில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். லாட்டரிக்காரர்கள் அன்றோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சிலருக்கு முகம் விழுந்துபோனது. அதிசயத்தை எதற்கு இப்படிக் கிளறிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சலித்துக்கொண்டு பாதிக் கிண்ணத்தோடு எழுந்துபோனார். உமையாளுக்கு அது சுருக்கென்றது. சொன்னது தப்போ என்று ஒரு கணம் தோன்றியது.

டோ கின் ஏ முழுவதையும் கேட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறினாள். பலகையைத் தூக்கியதும் கும்பிடவில்லை. உள்ளே பார்த்துக்கொண்டே, பர்மிய மொழியில் மெதுவாக, அப்படியென்றால் இத்தனை காலமும் மோதான் இவற்றை வளர்த்திருக்கிறது என்றாள். அது சரிதான் என்று உமையாள் தலையாட்டினாள். அதில் திருத்துவதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை.

சொக்கன் வெள்ளிக்கிழமை மேளத்துக்குச் சொல்லவில்லை. ஆனால் குடத்தைக் கொண்டுவந்தார். கோயில் பின்புறத்தில் கைகால் கழுவுகிற தொட்டியில் கொசு மொய்க்கிறது, அதற்காவது கொஞ்சம் கொடு என்றார். உமையாள் குடம் நிறைய அள்ளிக் கொடுத்தாள். மின்சாரம் இல்லாத காலத்தில் எல்லா வீட்டிலும் டிரம்களில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். எல்லா டிரம்முக்கும் மீன் போனது. ஓடையில் விடுவதை டோ கின் ஏ கைவிட்டுவிட்டாள். ஓடை பெரிதென்றாலும் சல்மா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றாள். அந்த மழைக்காலத்தில் அவர்கள் கட்டடத்தில் யாருக்கும் டெங்கு வரவில்லை. அது மீனால்தானா என்று உமையாள் கேட்டதற்கு, ஒரு கட்டடத்தை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்றாள் சல்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேம்நாத் திரும்பவும் கூப்பிட்டார். இந்தமுறை அனுவும் இருந்தாள். உயரமாக வளர்ந்திருந்தாள். தமிழில் மலேசிய இழுவை வந்துவிட்டது. உமையாள் போனைத் தொட்டிக்கு நேரே பிடித்தாள். அனு திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஆன்ட்டி, இந்த மீனுங்க வெயிலே பாத்ததில்லையா?”

உமையாளுக்கு இது தோன்றவே இல்லை. தகர இடுக்கில் வருகிற கீற்றைத் தவிர அவை எதைப் பார்த்திருக்கும்? வெளிச்சத்தில் விட்டால் பயப்படுமா, பழகிக்கொள்ளுமா? அனுவிடம் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

ஊறுகாய் போட்டுவைத்திருந்த கண்ணாடி ஜாடியைக் கழுவி, தொட்டியில் பிறந்த சிலவற்றை அதில் விட்டு, கடை மேஜையில் தெருவைப் பார்க்க வைத்தாள். முதல் நாள் முழுக்க அவை அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடந்தன. பஸ் போனாலும் ஒளிந்தன, கை போனாலும் ஒளிந்தன. இரண்டாம் நாள் ஒன்று மட்டும் நடுத்தண்ணீர் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. மூன்றாம் நாள் காலை தூறல் விழுந்தது. கடையின் தார்ப்பாய் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஜாடிக்குள் தண்ணீர் விழ ஆரம்பித்தது. உமையாள் ஜாடியை நகர்த்தக் கையை நீட்டினாள். நீட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். வெளிச்சத்துக்கு ஒளிந்த மீன்கள் ஒவ்வொரு சொட்டுக்கும் மேலே வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போயின. சல்மா படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். உமையாள் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.